பெண்டாட்டி இல்லாதவர்களின் கப்பல்

என்க்ஹவுசன்
24 ஏப்ரல் 1596

கல்யாணமாகாத வாலிபர் ஹார்மன் அவர்களுக்கு, உங்கள் பெண்டாட்டி ஆல்ட்யே எழுதுவது.

நலமா என்று கேட்கப் போவதில்லை. நன்றாகத்தான் இருப்பீர்கள். மீன் சந்தையில் எல்லார் முன்னாலும் லைஸ்பெத் கேட்டாள்: "ஏன்டி, உன் புருஷன் ஆம்ஸ்டர்டாம்ல பிரம்மச்சாரியாமே? அப்ப நீ யாரு, வச்சிருக்கிறவளா?" கையிலிருந்த மீனை அவள் முகத்தில் எறிந்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

ருஷ்யாவுக்கு மேலே பனிக்கடலைச் சுற்றிச் சீனத்துக்கு வழி தேடப் போகிறார்களாம். பெண்டாட்டி பிள்ளை நினைப்பு வந்தால் பாதியில் திரும்பிவிடுவார்கள் என்று, முடிந்தவரை கல்யாணமாகாதவர்களையே கப்பலில் ஏற்றுகிறார்களாம். அதற்காக என்னை இல்லையென்று சொன்னீர்களா? சரி, நான் போகட்டும். நம் மகள் திரைனுக்கு நாலு வயது. அவளை எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள்?

தச்சு வேலை இந்த ஊரிலேயே கொட்டிக் கிடக்கிறது. இறங்கி வாருங்கள். இல்லையென்றால் நானே வந்து இறக்குவேன்.

உங்கள் மனைவி (ஆமாம், மனைவிதான்),
ஆல்ட்யே


ஆம்ஸ்டர்டாம்
29 ஏப்ரல்

ஆல்ட்யே,

கோபம் உனக்கு மட்டும்தான் வருமா? போன வருஷம் இதே வழியைத் தேடிப் போய் அந்தப் பனிச்சுவருக்கு முன்னால் நின்றபோது "திரும்பிடலாம்" என்று முதலில் வாய் திறந்தவன் நான். உன் முகமும் குழந்தை முகமும் கண் முன்னால் வந்து நின்றன. வீடு வந்து சேர்ந்ததும் நீ கட்டிக்கொண்டு அழுதாய். ஊர் என்ன செய்தது தெரியுமா? பீர்க் கடையில் கால் வைத்தால் "வழி விடுங்கடா, பொண்டாட்டி பாவாடைக்குள்ள ஒளிஞ்சவரு வர்றாரு" என்கிறார்கள். மீசை முளைக்காத பயல்கள்கூடச் சிரிக்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டதெல்லாம் போதும்.

ஆள் எடுக்கும் அதிகாரி "கல்யாணம்?" என்றார். "இல்லீங்க" என்றேன். அதனால் நீ என் மனைவி இல்லையென்று ஆகிவிடுமா? வழி கண்டுபிடித்துத் திரும்பி வந்தால் இதே ஊர் வாயைப் பொத்திக்கொள்ளும். தயவுசெய்து இங்கே வந்து என் மானத்தை வாங்காதே. குழந்தைக்கு முத்தம்.

ஹார்மன்


ஃப்லீலண்ட் தீவு
14 மே

என் தங்கமே ஆல்ட்யே,

காற்றுக்காக இங்கே காத்துக் கிடக்கிறோம். உன்னைப் போல ஒருத்தி யாருக்குக் கிடைப்பாள்! கிளம்பும் அன்று ஆம்ஸ்டர்டாம் துறைமுகத்தில் உன்னையும் திரைனையும் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. அதிகாரி பக்கத்திலேயே நின்றார் அல்லவா, அதனால்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அவர் உன்னிடம் ஏதோ கேட்டார், நீ ஏதோ சொன்னாய், தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். என்னை யாரும் கூப்பிடவில்லை. எனக்காக நீ விட்டுக்கொடுத்தாய் என்று அப்போதே புரிந்துகொண்டேன்.

உனக்குச் சீனப் பட்டு கொண்டு வருவேன். சாப்பாட்டுக்குக் குறையில்லை, பட்டாணியும் உப்புக்கண்டமும் வயிறாரப் போடுகிறார்கள். மீன் படகில் கொடுத்தனுப்பினால் கடிதம் வந்து சேரும். கிளம்புமுன் இரண்டு வரி எழுது.

உன் ஹார்மன்


என்க்ஹவுசன்
16 மே

கப்பல் தச்சர் ஹார்மன் அவர்களுக்கு,

நான் விட்டுக்கொடுக்கவில்லை. உங்களை இறக்கத்தான் வந்தேன். சொல்ல வேண்டியதைப் படகில் வரும்போதே மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

திரைன்தான் முதலில் உங்களைப் பார்த்தாள். "அப்பா! அப்பா!" என்று என் இடுப்பிலிருந்து தாவினாள். நீங்கள் திரும்பிக்கொண்டீர்கள். தொண்டை கிழியக் கூப்பிட்டாள். நீங்கள் பக்கத்தில் நின்றவன் தோளில் கைபோட்டுச் சிரித்தீர்கள்.

அதிகாரி என்னிடம் வந்தார். "கொழந்த யாரைம்மா கூப்பிடுது? அந்தத் தச்சனையா? அவனுக்குக் கல்யாணமே ஆகலைன்னு சொன்னான். நீங்க அவனுக்கு என்ன வேணும்? பொண்டாட்டின்னா சொல்லுங்க, இப்பவே எறக்கிடறேன்" என்றார்.

"கொழந்த ஆள் தெரியாம கூப்பிடுதுங்க. எங்களுக்கு அவர் யாருமில்ல" என்றேன்.

நீங்கள் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். நீங்கள் சொன்னது பொய். நான் சொன்னது பொய்யில்லை.

குடிகாரப் பயல்கள் சிரித்ததை உங்களால் தாங்க முடியவில்லை. பெற்ற மகள் கூப்பிட்டதைத் தாங்கிக்கொண்டு நின்றீர்கள். உங்கள் துணிமணிகளை உங்கள் தம்பி வீட்டில் கொடுத்துவிட்டேன். வழி கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, இந்த வாசலுக்கு வராதீர்கள். பட்டும் வேண்டாம்.

திரும்பி வரும்போது திரைன் விசும்பிக்கொண்டே கேட்டாள், "அது அப்பா இல்லியாம்மா?" என்று.

"இல்லடி கண்ணு. அப்பா மாதிரியே வேற யாரோ."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "ஆமாம்மா. எங்கப்பான்னா திரும்பிப் பாத்திருப்பாரு" என்று சொல்லிவிட்டு, என் மடியில் நிம்மதியாகத் தூங்கிவிட்டாள்.

இப்படிக்கு,
க்ளாஸின் மகள் ஆல்ட்யே