இரண்டு லென்ஸும் அம்மாவின் முகமும்

அன்பு மகள் வெண்டிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் இரங்கி நடத்துவதால் நானும் அம்மாவும் சுகமாய் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை ஷானும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஈப்போவில் தினமும் மூன்று மணிக்கு மேல் மழை பிடித்துக்கொள்கிறது, காயப்போட்ட துணியை ஓடி ஓடி எடுப்பதுதான் எங்கள் இருவருக்கும் உடற்பயிற்சி. ஆயர் தாவாரில் இருக்கிற சரளா சித்திக்கு முட்டிவலி தேவலை, போன வாரம் தனியாகவே பஸ் பிடித்து வந்து ஒரு பை நிறைய ரம்புத்தான் பழம் கொடுத்துவிட்டுப் போனாள். நீ ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து சாப்பிடாமலே படுத்துவிடுகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார், அது நல்லதில்லை, இரண்டு ரொட்டியாவது தின்றுவிட்டுப் படு.

என் அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு லென்ஸ் வாங்கித் தருகிறேன், எது வேண்டும் என்று கேட்டிருந்தாய். பதில் சொல்ல மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன், கோபித்துக்கொள்ளாதே. பழைய லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்துவிட்டது, எதை எடுத்தாலும் பனிமூட்டத்தில் எடுத்தது போல் விழுகிறது. அன்றாடம் கேமராவில் மாட்டி வைக்கிற ஸூம் லென்ஸ் என்று பார்த்தால் எனக்குத் தோதாக இரண்டுதான் இருக்கின்றன. ஒன்று 24-70, எவ்வளவு இழுத்தாலும் எஃப் 2.8 வரை திறக்கும், இருட்டிலும் வெளிச்சத்தை வாரிக்கொள்ளும், ஆனால் அம்மிக் குழவி மாதிரி கனம். மற்றது 24-105, எஃப் 4க்கு மேல் திறக்காது, ஆனால் கனம் குறைவு, இன்னும் தூரம் இழுக்கும், கை நடுக்கத்தைத் தாங்கிக்கொள்கிற வசதியும் உண்டு. ஜெலாப்பாங்கில் கல்யாணப் படம் எடுக்கிற தர்மேந்திரனிடம் இரண்டுமே இருந்தன, ஒரு வாரம் வைத்துக்கொள்ளச் சொல்லித் தந்தான். கொடுக்கும்போதே, “அண்ணே, 2.8தான் ராஜா, மத்ததெல்லாம் சும்மா லா,” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான். எனக்கும் மனசு அதன் பக்கம்தான் இருந்தது.

ஆனாலும் முப்பது வருஷம் ஃபேக்டரியில் சரக்கின் தரம் பார்த்தவன் அடுத்தவன் பேச்சை நம்பி வாங்குவேனா. கார் நிறுத்தும் இடத்துச் சுவரில் பேப்பரை ஒட்டி, ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, இரண்டிலும் ஒரே மாதிரி எடுத்துப் பார்த்தேன். பேப்பரின் மூலையில் இருக்கிற எழுத்துக்கூட 2.8 லென்ஸில் கத்தரித்து வைத்தது போல் நின்றது, 24-105இல் ஓரம் கொஞ்சம் குழைந்தது. சாயங்காலம் சர்ச்சுக்குள் எடுத்தபோதும் அதே கதை, ஒன்றில் பீடம் பளிச்சென்று விழுந்தது, மற்றதில் வெளிச்சத்துக்காக ஐஎஸ்ஓ அளவை ஏற்றி எடுக்க வேண்டியிருந்ததால் மணல் தூவியது போல் இருந்தது. சரி, முடிவாகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் நான் படம் எடுப்பது பேப்பரை இல்லையே, மனுஷ முகத்தை எடுத்துப் பார்க்க வேண்டாமா. வீட்டில் இருக்கிற ஒரே முகம் உன் அம்மாவுடையது.

உனக்குத் தெரியும், போன வருஷம் மார்ச் மாதம் ஒரு காலையில் வலது பக்க முகம் தொங்கிப்போனதிலிருந்து அவள் யாரையும் படம் எடுக்க விட்டதில்லை. வைத்தியத்தில் முக்கால்வாசி சரியாகிவிட்டது, சிரித்தால் மட்டும் வாய் ஒரு பக்கமாகப் போகும். சர்ச்சில் எல்லாரையும் நிற்கவைத்துப் படம் எடுக்கும்போது அவள் தேநீர் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். உன்னோடும் போனில் முகம் காட்டாமல் குரலில் மட்டும்தான் பேசுகிறாள். அம்மா முகத்தைக் காட்டச் சொல்லுங்கப்பா என்று நீ கிறிஸ்மஸ் அன்றைக்கு அழுததை நான் அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் இன்னும் சுருங்கிப்போவாள்.

சும்மா ஃபோக்கஸ் பார்க்கத்தான், உட்காரு நவமணி என்று கெஞ்சினேன். உட்கார்ந்தாள். 2.8 லென்ஸை முழுக்க இழுத்து 70இல் வைத்தும், முகம் நிறைய விழ வேண்டுமென்றால் நான் கிட்டே போக வேண்டியிருந்தது, நான் ஓரடி வைத்தால் அவள் துண்டை எடுத்துக் கன்னத்தை மூடினாள். “மொகத்த விடுங்க, பூச்சட்டிய எடுங்க,” என்று எழுந்து போய்விட்டாள். மறுநாள் 24-105ஐ மாட்டிக்கொண்டு வாசல் கேட் ஓரம் நின்றிருந்தேன். அவள் கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பக்கத்து வீட்டு மிஸஸ் லிம்மோடு சுவருக்கு மேலே பேசிக்கொண்டிருந்தாள். மிஸஸ் லிம் என்னவோ சொல்ல, தலையைத் தூக்கிச் சிரித்தாள். நான் எடுத்துவிட்டேன். கேட்காமல் எடுத்தது தப்பு. அழித்துவிடலாம் என்று விரலைப் பொத்தானில் வைத்தவன், மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவளிடமே கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்துவிட்டுக் கீரையை அள்ளிக்கொண்டு எழுந்தாள். மத்தியானம் சோற்றை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் இல்லாமல் நான் தனியாகச் சாப்பிட்டது ரொம்பக் குறைவு.

மழை விட்ட பிறகு அவளே வந்து, கம்ப்யூட்டரில் பெரிசாகக் காட்டுங்க என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “கோணலாத்தான் இருக்கு. ஆனா சிரிப்புன்னு தெரியுது,” என்றாள். போன் கேமராவில் என் முகத்தைப் பார்த்தால் இதைவிட மோசமாய் இருக்கிறதே, ஏன் என்று கேட்டாள். எந்த லென்ஸானாலும் கிட்டே போய் எடுத்தால் முன்னால் இருப்பது வீங்கும், பின்னால் இருப்பது ஒடுங்கும், போனை முகத்துக்கு நேரே பிடிப்பதால் உள்ள கோணலை அது ஊதிக் காட்டுகிறது என்றேன். அவள் நம்பவில்லை. லென்ஸை இழுக்காமல் 24இல் வைத்துக் கேமராவை அவள் கையிலேயே கொடுத்து, என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து எடுக்கச் சொன்னேன். திரையில் என் மூக்கு மங்குஸ்தீன் பழம் அளவுக்கு இருந்தது, காது இரண்டும் காணாமல் போயிருந்தன. அம்மா சிரித்தாள் பார், வாயை மூடாமல், கையால் மறைக்காமல். சிரித்து முடித்துவிட்டு, “அப்ப என் மொகம் கோணல் இல்லையா?” என்று கேட்டாள். கொஞ்சம் இருக்கிறதுதான், ஆனால் போன் சொல்கிற அளவுக்கு இல்லை என்றேன். பொய் சொல்லியிருந்தால் அவள் கண்டுபிடித்திருப்பாள். தலையை ஆட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் சர்ச்சுக்குக் கட்டுகிற நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நான் ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் நடந்தேன். “அங்கேயே நில்லுங்க லா, கிட்ட வராதீங்க,” என்று வாசல் கேட் பக்கம் கையைக் காட்டினாள். அங்கிருந்து 105இல் முகம் நன்றாகவே விழுந்தது. பதினொரு படம் எடுத்தேன், ஒன்றை அவளே தேர்ந்தெடுத்துக் கடையில் கழுவச் சொன்னாள். அதைத்தான் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

ஆகவே மகளே, எனக்கு 24-105 போதும். ஓரம் குழைந்தால் குழையட்டும், சர்ச்சுக்குள் மணல் விழுந்தால் விழட்டும், எட்ட நிற்கவிடுகிற லென்ஸ்தான் எனக்கு வேண்டும். தர்மேந்திரனிடம் சொன்னேன், அண்ணனுக்கு வயசாயிருச்சு என்றான். ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும், வேலைக்குப் போகும்போது கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு போ. ஒன்றை மறந்துவிடாதே. இந்தக் கடிதம் கிடைத்த முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அம்மா போனை அலமாரியில் சாய்த்துவைத்து, எட்ட உட்கார்ந்து வீடியோவில் உன்னைக் கூப்பிடப் போகிறாள். அவளைப் பார்த்ததும் அழாதே. முதலில் சமையலைப் பற்றி ஏதாவது கேள், அவள் பேச ஆரம்பித்த பிறகு ஆசை தீரப் பார்த்துக்கொள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா,
அலெக்சாண்டர்