கிழக்கே ஓடிய ஐந்து பேர்

நேற்று உன் பாடைக்குப் பின்னால் நடந்து போகையில் தெருமுனையில் வேட்டுப் போட்டார்கள். கந்தக வாடை மூக்கில் ஏறுவதற்குள் என் கால் பக்கத்து வீட்டு வாசலுக்கு ஓடிவிட்டது. அங்கே எனக்கு முன்பே மாடசாமி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறான். இழவென்றும் பாராமல் இரண்டு கிழவர்களும் சிரித்துவிட்டோம்.

அறுபதுகளில் சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்காகப் பூப்பந்து ஆடிய ஐவரில் இனி நாங்கள் இருவர்தான். ஆடத் தெரியும் என்பதற்காகவே முதலாளி நமக்கு வேலை கொடுத்தார். பகலில் வெடிமருந்து ரூம், சாயங்காலம் மைதானம். மஞ்சள் கம்பளிப் பந்து மருந்து படிந்த நம் கைபட்ட ஒரு வாரத்தில் சாம்பல் நிறமாகிவிடும். நீ பின்வரிசைக்காரன். நாங்கள் கோட்டை விட்டதையெல்லாம் எடுத்துக் கொடுப்பாய், கூடவே ஓர் ஏச்சும் கொடுப்பாய்.

விருதுநகர் இறுதி ஆட்டத்தை மறக்க முடியுமா? கோப்பை வராவிட்டால் டீமைக் கலைத்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். டீம் போனால் வேலையும் போகும். ஒரே ஒரு புள்ளிதான் பாக்கி. ஜெயித்தே விட்டோம் என்று நம் ஊர்க்காரன் ஒருவன் ஆர்வக்கோளாறில் சரவெடியைக் கொளுத்திவிட்டான். நாமே செய்த சரம்! மட்டையைப் போட்டுவிட்டு ஐந்து பேரும் ஓடினோம். பந்து நம் பக்கம் விழுந்தது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நீ அதைக் காதில் வாங்கவே இல்லை. எல்லாரும் வெளியே வந்துவிட்டோமா என்று, கம்பெனியில் செய்வதுபோலவே, ஒவ்வொருவர் பேராகச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

அதற்கப்புறம் நமக்குக் கை ஓடவில்லை. தோற்றோம்.

“ஏலே, பட்டாசு செய்யிறவனே பட்டாசுக்குப் பயந்து ஓடுவானாலே? என் மானமே போச்சு!” என்று குதித்தார் முதலாளி.

“சத்தம் கேட்டா ஓடுங்கன்னு நீங்கதான மொதலாளி சொன்னீக?” என்றாய் நீ. “அஞ்சு பேரும் கிழக்க ஓடுனதப் பாத்தீகளா? மருந்து ரூமுக்கு வாசல் கிழக்க மட்டுந்தான இருக்கு. இம்புட்டுப் பெரிய வெட்டவெளியிலயே ஒருத்தன ஒருத்தன் முட்டிக்கிட்டோம். ரூமுக்குள்ளன்னா என்ன ஆவோம்?”

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் காரில் ஏறிப் போய்விட்டார். அந்த வாரமே கொத்தனார் வந்து மருந்து ரூமின் மேற்குச் சுவரை இடித்து இன்னொரு வாசல் வைத்தார். டீமும் கலையவில்லை.

மறு சீசனில் ரூமில் தீப்பிடித்தபோது நானும் மாடசாமியும் அந்த மேற்கு வாசல் வழியாகத்தான் வெளியே போய் விழுந்தோம். நீ கடைசியாக வந்தாய், பேர் கூப்பிட்டபடி. ஐந்து பேரும் பிழைத்தோம்; பேரன் பேத்தி எடுத்தோம். கோப்பையை யார் வைத்திருக்கிறார்களோ, வைத்துக்கொள்ளட்டும்.

நேற்று சிரித்து முடித்ததும் உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கதோஷத்தில் மாடசாமியின் பேரைக் கூப்பிட்டேன். “இருக்கேம்லே” என்றான். அடுத்து உன் பேரையும் கூப்பிட்டுவிட்டேன். அழுகை வந்துவிட்டது.

இனி பேர் கூப்பிடுவது என் வேலை. என் முறை வரும்போது நீ அங்கிருந்து ஒரு குரல் கொடு. ஆனால் அவசரப்படாதே, நான் கட்டிய வீட்டில் எல்லா அறைக்கும் இரண்டு வாசல்.