டீட்மார் கை கொடுக்காத காலை

ஜெபல் அலி,
9-1-2003

அன்புள்ள ஜெயாவுக்கு,

இங்கு நான் சௌக்கியம், முழங்கால் மூட்டைத் தவிர. காலையில் லேசான குளிர். ரூமில் நான் மட்டும்தான். நீயும் ஷ்யாமும் நலமாக இருக்க வேண்டும். போனிலேயே பேசியிருக்கலாம்தான். கார்டு தீர்ந்துவிடும் என்பதெல்லாம் சாக்கு. நான் பத்து வாக்கியம் பேசினால் நீ ஒரு “சரிங்க” சொல்வாயே, அதைக் கேட்கத் தைரியமில்லை.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன லீவில் வந்த மறுநாள் காலை நீ காபி கொண்டுவந்தாய். நான் டம்ளரை இடது கையில் வாங்கிக்கொண்டு, வலது கையை நீட்டி, கட்டின மனைவியோடு கை குலுக்கினேன். நீ பேயறைந்த மாதிரி நின்றாய். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு சரோஜா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “என்ன ஜெயா, இன்னைக்குப் பொறந்தநாளா?” என்றாள். சும்மா தமாஷ் என்று சமாளித்தேன். தமாஷ் இல்லை, பழக்கம். அது எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று சொன்னால்தான், போன கடிதத்தில் நீ கேட்டதற்கு என்னால் பதில் எழுத முடியும். “ஒரேயடியா வந்துட்டா உங்களால எங்ககூட இருக்க முடியுமா?” என்று கேட்டிருந்தாய். அந்த “எங்ககூட”வை மட்டும் பல தடவை படித்தேன்.

எங்கள் பம்ப் கம்பெனியில் இரண்டு ஜெர்மன்காரர்கள். மேனேஜர் ஃபோல்கர் மேற்கு ஜெர்மனி, கொலோன் நகரத்து ஆள். ஒர்க்‌ஷாப்பைப் பார்த்துக்கொண்டவர் டீட்மார், கிழக்கில் லைப்சிக். சுவர் இடிந்து நாடு ஒன்றாகி எத்தனையோ காலமாயிற்று. மலையாளியையும் நம்மையும் ஒரே மூட்டையில் கட்டுகிற அரபி மாதிரி, நானும் இவர்கள் இருவரையும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.

டீட்மார் காலையில் உள்ளே வந்ததும் ஒவ்வொருவரிடமும் போய்க் கை கொடுப்பார். டைப்பிஸ்ட், டிரைவர், கூட்டிப் பெருக்குகிற மாயாண்டி, எவரையும் விடமாட்டார். கிழக்கு ஜெர்மனித் தொழிற்சாலைகளில் அப்படித்தானாம். மாயாண்டிக்குக் கூச்சம் தாங்கவில்லை. “கையில கிரீஸு சார்னு சொன்னாலும் விடமாட்டேங்குறாரு. எங்க மாமனாரு பொண்ணு குடுத்தாரே தவிர இப்பிடிக் கை குடுத்ததில்ல” என்பான். ஃபோல்கரோ வாசலில் நின்று மொத்தக் கூட்டத்துக்கும் ஒரே ஒரு ஹலோ, முடிந்தது. “கை குலுக்கியே பாதி டியூட்டி போய்விடும்” என்று என்னிடம் சிரிப்பார். “எங்களை அவர் எண்ணிப் பார்ப்பதுகூட இல்லை” என்று டீட்மார் சொல்வார். நான் இதை அங்கேயும் அதை இங்கேயும் கொண்டுபோய் வைப்பேன். என் குணம்தான் உனக்குத் தெரியுமே.

டீட்மார் பழைய போல்ட், வயர் துண்டு எதையும் எறியமாட்டார். டப்பா டப்பாவாகச் சேர்த்து வைப்பார். அங்கே கேட்ட பொருள் கேட்ட நாளில் கிடைக்காதாம். ஃபோல்கருக்குப் பழுதானது எல்லாமே குப்பை, புதிது வாங்கு. “உன் பெண்டாட்டி வேலைக்குப் போனாளே, குழந்தைகளை யார் பார்த்துக்கொண்டது?” என்று ஃபோல்கர் கேட்பார். “குழந்தைகள் வளர்ந்து போய்விட்டார்களே, உன் பெண்டாட்டி இப்போது வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்கிறாள்?” என்று டீட்மார் கேட்பார். ஒருவர் ஊரை மற்றவர் “அந்தப் பக்கம்” என்பார். நீ போனில் “உங்க துபாய்ல” என்கிறாய், நான் “உங்க வீட்ல” என்கிறேன், அந்த மாதிரி.

அக்டோபர் மூன்றாம் தேதி அவர்கள் நாடு ஒன்றான நாள். எனக்கு ஒரு குறும்பு யோசனை வந்தது. கராமா பேக்கரியில் ஜெர்மனி மேப் மாதிரி ஒரு கேக் சொல்லி, பழைய எல்லை இருந்த இடத்தில் சுவர் மாதிரி சாக்லேட்டால் ஒரு கோடும் போடச் சொன்னேன். கல்யாண ரிசப்ஷனில் செய்கிற மாதிரி ஒரே கத்தியை இரண்டு பேர் கையிலும் பிடிக்கவைத்தேன்.

டீட்மார் கேக்கைப் பார்த்தார். “கோடு எதற்கு, சீதா? அதைத்தான் இடித்துவிட்டோமே” என்றார். சீதாராமன் அவர் வாயில் சீதாவோடு நின்றுவிடும். ஃபோல்கர் விளையாட்டாகத்தான் சொன்னார்: “இருக்கட்டும். கோடு இல்லாவிட்டால் உன் பக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, குப்பை டப்பாக்களை வைத்தா?” எல்லாரும் சிரித்தோம். முதலில் சிரித்தது நான்.

டீட்மார் கத்தியிலிருந்து கையை எடுத்தார். குரலை உயர்த்தவில்லை. “மேற்கிலிருந்து கல்யாணம் என்று கூப்பிட்டார்கள், மூட்டை கட்டிக்கொண்டு போனோம். அந்த வீட்டில் எல்லாச் சாமானும் ஏற்கெனவே இருந்தது. நாங்கள் கொண்டுபோனதெல்லாம் தெருவுக்குப் போயிற்று. அதில்தான் நாங்கள் அத்தனை காலம் சமைத்துச் சாப்பிட்டோம்” என்று சொல்லிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டார். கேக்கை மாயாண்டி ஆட்கள் தங்குகிற கேம்புக்கு எடுத்துப்போனான்.

அடுத்த வேலைநாள் காலை டீட்மார் வழக்கம்போல் வந்தார். எனக்குக் கை கொடுத்தார், மாயாண்டிக்குக் கொடுத்தார், எல்லாருக்கும் கொடுத்தார். ஃபோல்கர் அன்றைக்கென்று கேபின் வாசலிலேயே நின்றிருந்தார். டீட்மார் அவரைத் தாண்டிப் போனார். கை குலுக்குவதைக் கேலி பண்ணின மனுஷனின் கை பாதி நீண்டு அப்படியே நின்றது. பிறகு அந்தக் கை மேஜையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துக்கொண்டது, அதற்காகவே நீட்டியது போல.

டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. நீட்டிக்க வேண்டாம் என்று டீட்மார் ஊருக்குப் போய்விட்டார். அங்கே அவர் வயதுக்கு வேலை கிடைப்பது கஷ்டமாம். அவர் போன பிறகு ஃபோல்கர் ஒருநாள் காலையில் வந்து, மாயாண்டியில் ஆரம்பித்து ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். போல்ட் டப்பாக்கள் அப்படியே இருக்கட்டும் என்றார். என்னிடம் மட்டும், “நல்ல பழக்கம். அவர் வந்த முதல் வாரமே கற்றுக்கொண்டிருக்கலாம்” என்றார்.

அன்றிரவு எனக்கு நம் வீட்டுக் குக்கர் ஞாபகம் வந்தது. கைப்பிடியில் கம்பி சுற்றி, ரப்பரை மாற்றி மாற்றி, நான் இல்லாத காலமெல்லாம் நீ ஓட்டிய குக்கர். போன லீவில் அதை நான்தான் பழைய இரும்புக்காரனிடம் போட்டேன். “அதுல ஒரு பழுதும் இல்லீங்க” என்றாய். “துபாய்ல இதக் குப்பைக்காரன்கூட எடுக்கமாட்டான்” என்றேன். சரோஜாவும் சிரித்தாள். மிக்ஸியை இடம் மாற்றினேன். ஷ்யாம் படிக்கிற நேரத்தை மாற்றினேன். நீ “சரிங்க” என்றாய். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தச் “சரிங்க”. டீட்மார் கையை இழுத்துக்கொண்டது எல்லார் கண்ணிலும் பட்டது. நீ இழுத்துக்கொண்டது, நான் ஒரு கேக் வாங்கி, அதைப் பார்த்து ஒரு மனுஷன் மனம் கசந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இருக்க முடியுமா என்று கேட்டாய். தெரியவில்லை ஜெயா. எனக்கு இருக்க ஆசை. அலமாரி நிறைய ஷ்யாம் புத்தகம் என்று தெரியும், அதைக் காலி பண்ணாதே. கதவுக்குப் பின்னால் சட்டை மாட்ட ஒரு ஆணி போதும். மிக்ஸி நீ வைத்த இடத்துக்கே போகட்டும். எது எங்கே இருக்கிறது என்று நீ சொல்லிக்கொடு, நான் “சரிங்க” என்கிறேன். காலையில் அசட்டுத்தனமாகக் கை நீட்டினால் மட்டும், ஈரக்கையாக இருந்தாலும் பரவாயில்லை, கொடு.

ஷ்யாமுக்கு என் ஆசி. உனக்கு எதைச் சொல்வதென்று தெரியவில்லை, அதனால் அன்பு.

இப்படிக்கு,
சீதாராமன்

பி.கு: மேலே ஜெபல் அலி என்று போட்டது கைப்பழக்கம். கவரில் இருப்பது திருச்சி முத்திரை. செவ்வாய்க்கிழமையிலிருந்து ஜங்ஷன் எதிரே ஒரு லாட்ஜில் இருக்கிறேன். நம் தெருவுக்குப் போகிற டவுன் பஸ் இந்த ஜன்னலுக்குக் கீழேதான் நிற்கிறது.