கரைந்த கையெழுத்து

18-10-61. ஆயுத பூசை. இரவு.

அக்கா வீட்டுப் பூசைக்குப் போய்வந்தேன். வாராவாரம் ரேடியோவில் விளையாட்டைப் பற்றி வளவளக்கும் ஒரு பேச்சாளர்மேல் மச்சானுக்குப் பித்து. அந்த ஆள் கையெழுத்துப் போட்ட படங்களைச் சேர்ப்பதுதான் பிழைப்பு. கிரிக்கெட் மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டால் தெரியாது. ஆனால் அறந்தாங்கியில் பாதிப் பேரைக் கூட்டிவந்து காட்டியாயிற்று. ஒவ்வொன்றும் பட்டணத்தில் நேரில் போய் வாங்கியதாம்.

பூசையில் ரேடியோவுக்குப் பொட்டு வைத்த அக்கா, பக்கத்திலிருந்த படத்துக்கும் சந்தனத்தை வைத்துவிட்டாள். ஈரம் பட்டுக் கையெழுத்து கரைந்துபோனது.

"ஒனக்கு அறிவிருக்காடி? அந்த மனுசன் கைப்படப் போட்டது. இனி எங்கிட்டுப் போய் வாங்குவேன்?"

விருந்தாளிகள் முன்னால் இப்படிக் கத்தினார். அக்கா அடுக்களைக்குள் போய் அழுதாள்.

எல்லோரும் போனபின் மச்சான் படத்தைத் துடைத்துக் காயவைத்தார். பச்சை மைப் பேனாவைத் திறந்தார். மாதிரி எதையும் பார்க்கவில்லை. ஒரே இழுப்பில் அதே வளைவு, அதே சுழி, கீழே அதே கோடு. என் பெயரை நான்கூட இவ்வளவு சரளமாக எழுதுவதில்லை. அலமாரியிலிருந்த மற்ற படங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே பச்சை மை.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் காதோடு சொன்னாள்:

"நல்லவேளை தம்பி, ஒங்க மச்சானுக்கு அந்தக் கையெழுத்து வருது."