நம்பர் தகடு இல்லாத கார்பரேட்டர்

அண்ணா,

நீ அப்பாவிடம் கோபித்துக்கொண்டு போன அன்று பிரித்துப் போட்ட பழைய கார் இன்னும் ஷெட்டில்தான் நிற்கிறது. கார்பரேட்டர் மூடியில் இருந்த நம்பர் தகட்டைக் காணோம். அது இல்லாமல் உள்ளே பெட்ரோல் வரும் சின்னத் துளை, அந்த ஜெட், எந்த அளவில் போடுவது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பழைய பாகங்கள் விற்பவருக்குப் போன் செய்துவிட்டு, என்ன நம்பர் சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

"வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா? நம்பரச் சொல்லும்மா!" என்றார். வைத்துவிட்டேன்.

கழற்றியவன் நீதானே, உன்னைக் கேட்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "ஜெட் அளவ மட்டும் கேளு. என் கையப் பத்தி ஒரு வார்த்தை எழுதின, பாத்துக்க!" என்றார்.

நான் எழுதவில்லை. ஸ்க்ரூ எல்லாம் இப்போது நான்தான் திருகுகிறேன். அசதியாக இருக்கிறது, அண்ணா.

அளவைப் பதிலில் எழுதாதே. வந்து சொல்.

உன் தங்கை