மஞ்சள் துண்டுக்காரன்

அன்பு மகன் இமானோலுக்கு,

தொனோஸ்தியாவிலிருந்து அப்பா கஷில்தோ சொல்லச் சொல்ல, உன் அத்தை மகள் மத்தலென் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். எல்லைக்கு அந்தப் பக்கம் நீயும் நலமாயிருக்க வேண்டும். படகுக்காரன் பெயோ கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் எரித்துவிடு.

இந்த வருஷம் மத்தி நல்ல வரத்து. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆனாலும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகக் கூவி விற்கிறாள். குரல் மட்டும் கிழடாகவில்லை.

வருகிற ஞாயிறு படகுப் போட்டிக் கூட்டத்தில் கலந்து வந்து, காற்றுச் சீப்பின் பக்கம் அம்மாவைச் சந்திப்பதாகச் சொல்லியனுப்பினாய். நீ போன பிறகு கடலோரப் பாறைகளில் சிற்பம் என்று நட்ட இரும்பு நகங்கள் அவை. "சீப்புன்னு பேரு வச்சானுங்களே, எவன் தலைய வாரியிருக்கு இது?" என்று கேலி செய்தவள், உன் செய்தி வந்ததிலிருந்து தினமும் மாலையில் அங்கே போய் நிற்கிறாள்.

மகனே, கரைக்கு வராதே.

போன ஞாயிறு முதல் சுற்றின்போது அங்கே இரண்டு புது ஆட்கள் தூண்டிலோடு நின்றார்கள். ஒருவன் கழுத்தில் ஒரியோ ஊர்ப் படகு அணியின் மஞ்சள் துண்டு. ஆனால் ஒரியோ படகை ஒந்தாரிபியாவின் பச்சைப் படகு முந்தியபோது கை தட்டினான். நம் பக்கத்து வீட்டு பித்தோர், "ஏம்ப்பா ஒரியோக்காரா, உங்கம்மா இதப் பாத்தா வீட்டுக்குள்ள விடுவாளா?" என்றான். அவன் ஒன்றும் புரியாமல் சிரித்தான். பித்தோரின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. எந்த ஊருக்கு எந்த நிறம் என்று தெரியாத குழந்தைகூட இந்தக் கரையில் கிடையாது. அந்தத் துண்டை யாரோ கட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். போலீஸ்காரர்கள்தான். யாருக்காக என்று எனக்குத் தெரியும். நேற்றும் நின்றார்கள்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் நேரே போய் அவன் சட்டையைப் பிடிப்பாள். அரசை எதிர்த்துத் தலைமறைவானவர்களுக்கெல்லாம் பொது மன்னிப்பு வரப்போவதாக மதுக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். வரட்டும். அதன் பிறகு நீ வாசல் வழியாகவே வா.

ஆனால் உன்னை வரவே வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு மனசில்லை. ஞாயிறன்று பெயோவின் படகு போட்டி பார்க்க வரும். அதில் வா. கரைக்கு எதிரே இருக்கும் தீவுக்கு வெளியிலேயே நில். நீ இந்த முறை வரவில்லை, போட்டியாவது பார்க்கலாம் என்று சொல்லி அம்மாவைப் பாறைக்குக் கூட்டி வருகிறேன். நீலக் கவுன் போட்டிருப்பாள். பக்கத்தில் நான் நிற்பேன். கண் நிறையப் பார்த்துக்கொள்.

கடல் உன்னைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். கையை மட்டும் அசைத்துவிடாதே, ராசா. அசைத்தால் கண்டுகொள்வாள். கண்டுகொண்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அவள் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று உனக்குத் தெரியும்.

உன் அப்பா,
கஷில்தோ