பிஸ்கட் ரோஸா, சேண்ட் ரோஸா

ஜனவரி 5, ஞாயிறு

பனி. ஒன்பது மணி வரை எங்கள் நந்திதுர்க் பக்கம் முழுக்க வெள்ளை. பொங்கலுக்கு முன்னறைக்குப் பெயிண்ட். ராபர்ட்சன்பேட்டைக் கடையில் கலர் அட்டை வாங்கி வந்தேன். கடைசியில் நின்றவை இரண்டு: பிஸ்கட் ரோஸ், சேண்ட் ரோஸ். பெயிண்டர் முனிராஜண்ணன் இரண்டையும் சுவரில் உள்ளங்கை அகலம் பூசிக் காட்டினார். டேப் ஒட்டாமலே விளிம்பு அவ்வளவு நேர். என்ன கை அந்தக் கை!

வெயில் வந்ததும் பி.ரோஸ் அழகோ அழகு. சே.ரோஸ் வெளிறிப்போய், காய்ச்சல்காரர் முகம்.

என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணாத்தான் கீது" என்றார். எரிச்சல். இடுப்பு ஆபரேஷன் ஆகி நாலு மாதமாக, பகலெல்லாம் அந்தச் சுவர் எதிரே படுத்திருப்பவர் இவர். இவருக்குக் கண்ணுக்கு இதமாக இருக்க வேண்டாமா?

பி.ரோஸ் என்றே அண்ணனிடம் சொல்லிவிட்டேன். செவ்வாய் கலக்குவார்கள். கலந்த டப்பாவைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

6, திங்கள்

வேலைக்கு மாரிகுப்பம் ரயில். இருட்டில் போய் இருட்டில் வந்தேன், வழக்கம்போல். வீட்டில் டியூப்லைட். ஐயோ. பி.ரோஸ் சாம்பலாய்க் கிடக்கிறது. சே.ரோஸுக்குத்தான் களை. நேற்றுப் பார்த்த சுவர்தானா இது? வாரத்தில் ஆறு நாள் என் வீட்டுச் சுவரை நான் வெயிலில் பார்ப்பதே இல்லை. ஞாயிறன்று இது உறைக்கவில்லை பார், மரமண்டை.

ஆனாலும் மாற்றவில்லை. எனக்கு ராத்திரி இரண்டு மணி நேரம்தானே. பகல் பூராவும் பார்ப்பவருக்குப் பிடித்தால் போதும்.

வாங்க: மஞ்சள் கொத்து, வெல்லம், இவர் மாத்திரை.

8, புதன்

பங்காருபேட்டையில் வண்டி நின்றுவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா போனில்: "குக்கர எறக்கினியா இன்னா?"

கதவைத் திறந்தால் பெயிண்ட் வாசனை. சுவர் முழுக்க சே.ரோஸ்! மூலை, ஜன்னல் ஓரம், எங்கும் ஒரு சொட்டு சிந்தவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன். கலக்குவதற்கு முன்னால் இவர்தான் மாற்றச் சொன்னாராம்.

இவரிடம் சண்டைக்கே போனேன். பகலில் வெளிறுமே, பார்க்கப்போவது நீங்கள்தானே என்றேன்.

"பகல் எப்டியோ போயிடும், வசந்தி. நீ வந்து அந்தச் செவுத்துல சாஞ்சி டீ குடிப்பியே, அப்பத்தான் நான் பாக்கறேன்."

இரண்டும் ஒன்று என்ற மனுஷன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சுவர் இன்னும் ஈரம். நாளை வரை சாயக் கூடாதாம்.